ராயப்பனின் நெஞ்சில் ஆறு வட்டங்கள்

சங்கு குளிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி நீச்சல் குளத்துக்கு வருகிற கிழவிகள் அத்தனை பேரிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் காலை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வேகமாக நீந்திக் காட்டுகிறேன் பாருங்கள் என்று இறங்கிவிட்டேன், எழுபத்தொரு வயதில். பாதி தூரம் போனது ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது காவலுக்கு நிற்கிற மலாய்க்காரத் தம்பி என் நெஞ்சைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தான். நான் மூழ்கிய இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதானாம். அந்தக் கிழவிகள் அதை மறக்க விடுவதில்லை.

என் மகள் ஜெனிட்டா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் தயவில் லிம் என்று ஒரு சீனத்து டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இருதயத்தை ஈசிஜி கோடு போட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல ஜெனிட்டா தமிழில் சொன்னாள்.

இருதயம் ஒரு தடவை துடித்ததும் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அதற்கு அதன் உயிரணுக்களின் தோலில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. கதவு திறந்தால் உப்பு வெளியே போகும். பொட்டாசியம் என்கிற உப்பு. தூத்துக்குடிக்காரிக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறாயா என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஒரு கதவு நான்கு புரதத் துண்டுகள் கூடி உண்டாகிறது. துண்டு செய்கிற குறிப்பு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. எனக்கு வந்ததில் ஒரு குறிப்பு பிழை. ஆகவே என் உடம்பில் பாதித் துண்டு நல்லது, பாதித் துண்டு கோளாறு. நாலு துண்டும் கூடும்போது எது நல்லது எது கெட்டது என்று பார்த்துக் கூடுவதில்லை. எங்கள் வீட்டுப் பிழை எப்படிப்பட்டதென்றால், நாலில் ஒன்று கோளாறாக இருந்தாலும் போதும், அந்தக் கதவு ஒழுங்காகத் திறக்காது.

“சும்மா உட்கார்ந்திருக்கும்போது மற்ற வகைக் கதவுகள் சமாளித்துவிடும். ஓடும்போது, அதிலும் நீந்தும்போது, இருதயம் வேகமெடுக்கும். அப்போது இந்தக் கதவுதான் கை கொடுக்க வேண்டும்” என்றார் டாக்டரம்மா.

இன்னொன்றும் சொன்னார். அந்த நான்கு துண்டுகளோடு ஒட்டி நிற்கிற துணைத்துண்டு ஒன்று இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் நாலும் சேர்ந்து கதவை அவசரமாகத் திறந்துவிடும். அது கூட நின்றால் நிதானமாகத் திறக்கும், நன்றாகத் திறக்கும். வாசலாக நிற்பது நாலு துண்டுதான். திறக்கிற பதத்தைச் சொல்வது கூட நிற்பது.

“அது மச்சான்” என்றேன்.

ஜெனிட்டா அதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் கடலுக்குள் இறங்கினால், மேலே படகில் நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ ஆக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே என்கிற பயம் அவன் கையில் இருக்கும். அதனால் கயிற்றை விடமாட்டான். இதை ஜெனிட்டா விளக்கி முடித்ததும் டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “உங்கள் வீட்டில் கடலில் இறந்தவர்கள் உண்டா?” என்று கேட்டார்.

உண்டு. என் அப்பா. அதற்குப் பின் என் தம்பி. இரண்டு பேரும் நல்ல குளியாளிகள், இரண்டு பேருக்கும் மச்சான் கயிறு விடவில்லை, இரண்டு பேரும் அமைதியான கடலில் போனார்கள். தம்பியை அடக்கம் செய்த அன்று, கல்லறையில் அத்தனை பேர் முன்னால் தம்பி பெண்டாட்டி ஸ்டெல்லாவைப் பார்த்து, “இவ காலடி வச்சா, என் தம்பிய முழுங்கிட்டா” என்றவள் நான். அப்பா போனபோது ஸ்டெல்லா பிறந்திருக்கவே இல்லை. அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அடுத்த முப்பது வருஷமும் தோன்றவில்லை.

தம்பி மகன் சேவியர் இப்போது தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறான். பிழை அவனுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டரம்மா. போனில் சொன்னேன். “சரி அத்த, பாப்போம்” என்றான். அவன் பார்க்கமாட்டான் என்று தெரியும். டிக்கெட் போடச் சொன்னேன்.

வந்து இறங்கிய நாள். தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். சிங்கப்பூரில் அந்த ஐந்து நிமிஷத்தில் ஓடுகிற படியில்கூட ஏறி முடிக்க முடியாது. ஆட்டோக்காரர் ஐம்பது வயசு ஆள்.

“எங்கன போணும் ஆச்சி?”

“திரேஸ்புரம்.”

“எங்கேருந்து வாரிய?”

“சிங்கப்பூர்.”

“அங்க ஆட்டோ உண்டுமா?”

“இல்ல. ஆனா பெட்ரோல் போட்டுத்தான் வண்டிய எடுப்பாங்க.” இதைச் சொல்லும்போது ஆட்டோ நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவர் தள்ளினார். நான் இறங்கவில்லை. எனக்குத்தான் இருதயக் கோளாறாயிற்றே. பெட்ரோல் பங்க்வரை மகாராணி போல் போனேன்.

ஸ்டெல்லா வாசலில் நின்றாள். “வாங்க மதினி” என்றாள். நேரே தட்டைப் போட்டாள். சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள், புளி தூக்கலாக. சிங்கப்பூரில் சாளை தகர டப்பாவில்தான் எனக்கு வாய்த்தது, தக்காளிச் சாற்றில் குளித்துக்கொண்டு கிடக்கும். மூன்று தடவை சோறு வாங்கினேன். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சேவியரையும் அவன் தங்கை மெர்ஸியையும் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். மெர்ஸி மறுபேச்சில்லாமல் கிளினிக்குக்குப் போய்க் கோடு எடுத்து, ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெனிட்டாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். கோடு ஒழுங்காக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் வரட்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

சேவியர் வேறு மாதிரி.

“அத்த, நா ஏழு பாகம், ஏழு ஆள் ஆழத்துல நாள் பூரா கெடக்கேன். எனக்கு ஒண்ணுஞ் செய்யாது.”

“ஒங்கப்பனும் இதத்தான் சொன்னான்.”

“அப்பாவுக்குக் கெட்ட நேரம்.”

“ஏலே, நேரத்துக்கு நான் சிங்கப்பூர்லருந்து வரல. சட்டையக் கழத்திட்டு அஞ்சு நிமிஷம் படு. அவ்வளவுதான்.”

“படுத்துக் கோளாறுன்னு வந்தா?”

“கடலுக்குள்ள எறங்கக் கூடாது.”

அவன் முகம் இறுகியது. பிறகு சிரித்தான். சாயங்காலம் ராயப்பனைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன் என்றான். ராயப்பன் அவன் மச்சான். இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு: ராயப்பனின் தங்கை ரீட்டா சேவியருக்கு, சேவியரின் தங்கை மெர்ஸி ராயப்பனுக்கு. இப்போது கயிறு இல்லை. படகில் காற்று அடிக்கிற மெஷின் ஓடும், அதிலிருந்து நீளமான டியூப் குளியாளியின் வாய்க்குப் போகும். அந்த டியூப்பைக் கையில் வைத்திருக்கிறவன் ராயப்பன். காலம் மாறியும் மச்சான் மாறவில்லை.

இருட்டுவதற்குள் சேவியர் காகிதத்தோடு வந்தான். மேலே அவன் பெயர், நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜெனிட்டாவுக்குப் போயிற்று. ஒரு குறையும் தெரியவில்லை என்று பதில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க எல்லோருக்கும் பொரிச்ச பரோட்டா வாங்கிவரச் சொன்னேன். சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடும்போது கவனித்தேன், ஸ்டெல்லா மட்டும் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மகன் பிழைத்தான் என்றால் ஒரு தாய் இப்படியா சாப்பிடுவாள் என்று தோன்றியது. பரோட்டா நன்றாக இருந்ததால் மேலே யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள், கூட்டிப்போன ராயப்பனுக்கு நன்றி சொல்லலாமென்று அரைக் கிலோ மக்ரூன் வாங்கினேன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்த்துக் கூம்பு மாதிரி செய்கிற பலகாரம். வாயில் வைத்தால் பல்லுக்கு வேலை இல்லை. ராயப்பன் தருவைகுளத்தில் சொந்தக்காரர் பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்தென்று அங்கே போயிருந்தான். பஸ் ஏறினேன். உப்பளங்களுக்கு நடுவே பஸ் புகைவிட்டு நின்றது. நிழலுக்கு ஒரு செடி கிடையாது. பின்னால் வந்த உப்பு லாரியைக் கைகாட்டி நிறுத்தினேன்.

“ஆச்சி, ஏற முடியுமா?”

“நீ கதவத் தொற. ஏறுறது என் பாடு.”

இரண்டு பெண்கள் கீழிருந்து தள்ள, டிரைவர் மேலிருந்து இழுக்க, ஏறினேன். தருவைகுளத்தில் இறங்கியபோது சேலையெல்லாம் உப்பு. பொட்டாசியம் இல்லை, சாப்பாட்டு உப்பு.

விருந்து வீட்டுக் கொல்லையில் ராயப்பன் சட்டையில்லாமல் நின்று பிரியாணி அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் துண்டை எடுத்து நெஞ்சை மூடினான். மரியாதையென்று நினைத்திருப்பேன். ஆனால் மூடுமுன் பார்த்துவிட்டேன். இடப்பக்கம் ஆறு சிவப்பு வட்டங்கள், வளைந்த வரிசையில், அளவெடுத்து வைத்தது போல. இருதயக் கோடு எடுக்கிறவர்கள் ரப்பர் குமிழ் வைத்து உறிஞ்சுகிற தடம். எனக்கும் அது வந்தது, மூன்று நாள் இருந்தது.

“நெஞ்சுல என்ன ராயப்பா?”

“தேனீ கொட்டிட்டு பெரியம்மா.”

“ஆறு தேனீயும் வரிசையில நின்னா கொட்டிச்சு?”

அவன் கரண்டியை வைத்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். “மச்சான் கேட்டான். எனக்குப் பதிலா நீ படுத்துக் குடுன்னு. அவன் உசுரு எங் கையிலதான இருக்கு, அப்ப என் நெஞ்சும் அவன் நெஞ்சும் ஒண்ணுதானன்னு சொன்னான். எனக்கும் சரின்னு பட்டுது.”

கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மச்சானுக்காக மச்சான் எதையும் செய்யலாம் என்கிற பழக்கத்தில் வளர்ந்தவன், மச்சானுக்காக இருதயத்தையும் காட்டிவிட்டு வந்திருக்கிறான். ஸ்டெல்லா பரோட்டாவைப் பிட்டுப் பிட்டு வைத்தது ஏனென்றும் புரிந்தது: மகனை அறிந்தவள், அந்தக் காகிதத்தை நம்பவில்லை.

திட்டவில்லை. அந்த வீட்டுப் பல்லாங்குழிச் சோழிகளை வாங்கிவரச் சொன்னேன். நாற்பது எண்ணி எடுத்து, மீன்பெட்டியில் பெயர் எழுதுகிற மார்க்கரால் இருபதுக்குக் கறுப்புப் பூசினேன். நாற்பதையும் என் செபமாலைச் சுருக்குப் பையில் போட்டுக் குலுக்கினேன்.

“பாக்காம நாலு எடு. நாலும் வெள்ளையா வந்தா ஒரு மக்ரூன். எடுத்தத திரும்பப் போட்டுட்டு அடுத்த தடவ எடு.”

“இவ்வளவுதானா? அரைக் கிலோவும் எனக்குத்தான்” என்று உட்கார்ந்தான். விருந்துக்கு வந்த நாலைந்து பேர் சுற்றிக் கூடினார்கள். முதல் தடவை இரண்டு கறுப்பு. அடுத்து ஒன்று.

“மூணு வெள்ள வந்திருக்குலா. பாதி மக்ரூனாவது குடுங்க.”

“ஒண்ணு கறுப்புன்னா கதவு தொறக்காது. போடு உள்ள.”

“என்ன கதவு?”

“மொதல்ல எடு. பெறகு சொல்லுதேன்.”

எடுத்தான், எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். பிரியாணி அடிப்பிடிக்கிறது என்று ஒருத்தி கத்தினாள், அவன் காதில் விழவில்லை. பதினெட்டாவது தடவை நாலும் வெள்ளை. மக்ரூனைக் கையில் கொடுத்தேன். வாயில் போடப் போனவனிடம், “இதான் சேவியர் நெஞ்சு, அவனுக்குக் கோளாறு வந்திருந்தா” என்றேன். “பாதிக்குப் பாதி நல்லதுன்னுதான தோணுது? நாலு நாலாக் கூடும்போது பதினாறுல ஒரு கதவுதான் முழுசும் நல்லதா அமையும். கரையில இருக்கப்போ தெரியாது. ஏழு பாகத்துல தெரியும்.”

அவன் மக்ரூனைத் திரும்பப் பெட்டியில் வைத்தான்.

“நா டியூப்ப இறுக்கிப் பிடிச்சா?”

“ஒங்க மாமன், என் தம்பி, அவனுக்குங் கயிறு பிடிச்சவன் இறுக்கித்தான் பிடிச்சான். மேல தூக்குனது ஒடம்பத்தான்.”

பிரியாணி அடிப்பிடித்த வாசனையோடுதான் பரிமாறினார்கள். எனக்கு அது பிடிக்கும்.

மறுநாள் விடியும்போது கரையில் படகுகள் மெஷினை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. நானும் போய் நின்றேன். சேவியர் படகில் ஏறிவிட்டான். ராயப்பன் டியூப்பைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தான்.

“ஏலே, ஏறு.”

“நீ போ.”

“டியூப்ப குடு.”

“குடுக்க மாட்டேன்.”

சேவியர் பக்கத்துப் படகுக்காரனைப் பார்த்தான். அவன் வானத்தைப் பார்த்தான். அடுத்தவன் வலையில் இல்லாத கிழிசலைத் தேடினான். மச்சான் உயிரோடு கரையில் உட்கார்ந்திருக்கும்போது வேறொருவன் டியூப் பிடிக்கமாட்டான். பிடித்து ஏதாவது ஆனால் அந்தப் பழி அவன் வீட்டுத் தலைமுறைக்கும் நிற்கும். சேவியர் என்னைப் பார்த்தான்.

“இது ஒங்க வேலைதான அத்த?”

“எனக்கென்ன தெரியும். நான் மக்ரூன் குடுக்கப் போனேன்.”

“என்ன ஏமாத்துறிய.”

“இது ரெண்டாவது தடவ. மொதத் தடவ ஏமாத்துனது நீ.”

படகிலிருந்து குதித்து விறுவிறுவென்று நடந்தான். ராயப்பன் பின்னால் போனான். சந்தேகத்துக்கு இந்த முறை நானும் போனேன். அவன் சட்டை கழற்றிப் படுத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆறு குமிழும் அவன் நெஞ்சில்தான் ஒட்டின.

கோட்டைப் பார்த்த டாக்டர் முகமே சொல்லிவிட்டது. ஜெனிட்டாவின் பதிலும் அதையே சொன்னது: இருதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கு ரொம்ப நேரம் எடுக்கிறது, இதுவரை ஒன்றும் ஆகாமல் தப்பியது பெரிது. தினமும் மாத்திரை. கடலில் இறங்கக் கூடாது, நீந்தக் கூடாது. படகில் போனால் மிதவைச் சட்டை.

சேவியர் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நா கரையில ஒக்காந்து சங்குக்கு மேத்தோலு சொரண்டவா?” என்றான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது உயிரைப் பற்றி மட்டும் நினைத்து வந்தேன். அந்த உயிரை வைத்து அவன் நாளைக்கு என்ன செய்வான் என்று நினைக்கவில்லை.

ராயப்பன்தான் சொன்னான். “ஏன், டியூப்ப பிடி. எம் பொண்டாட்டி ஒன் தங்கச்சிதான? நானும் முங்குறவன்தான். சங்கு பாக்குற கண்ணு ஒன்ன மாதிரி கெடயாது, அவ்வளவுதான். எனக்கும் நீ மச்சான்தானல.”

அதே இரண்டு பேர், அதே படகு. நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் திரேஸ்புரம் கரையே வேடிக்கை பார்த்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்த ஒரே ஆண்பிள்ளை சேவியர்தான். “மாப்ள, கல்யாணத்துக்கா?” என்று ஒருவன் கேட்டான். மத்தியானம் படகு திரும்பியது. முதலில் இறங்கியவன் ராயப்பன். நேரே என்னிடம் வந்தான்.

“பெரியம்மா, இவன்கிட்டச் சொல்லி வைங்க. அடியில போயி ஒரு சங்கத் தொடுறதுக்குள்ள டியூப்ப இழுத்து நல்லாருக்கியான்னு கேக்கான். மேல வந்து ‘என்னலே’ன்னா, ஒண்ணுமில்ல சும்மாதான்ங்கான். நா சங்கு எடுக்கவா, இவனுக்குப் பதில் சொல்லவா?”

சேவியர் டியூப்பைச் சுருட்டிக்கொண்டே, “எந் தங்கச்சி பாடு எனக்கு” என்றான். அன்றைக்கு வழக்கத்தில் பாதிச் சங்குதான். மெர்ஸி அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் புருஷனுக்குச் சோறு போட்டாள். அவளுடைய ரத்தத்தில் பிழை இல்லை என்று பின்னால் தகவல் வந்தது.

கிளம்புகிற அன்று சாயங்காலம் பெட்டி கட்டி முடித்துவிட்டேன். வீட்டில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும். அவள் அடுப்படியில் எனக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துப் பேச்சை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்கிற வார்த்தையை நான் பூசையில் மட்டும் சொல்லிப் பழகியவள்.

காபி கொண்டு வந்தவளிடம் சுருக்குப் பையை நீட்டினேன்.

“நாலு எடு.”

“எனக்கெதுக்கு மதினி இந்த வெளாட்டு.”

“எடுளா.”

எடுத்தாள். நாலும் வெள்ளை. ராயப்பன் வீட்டுக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த பெட்டியிலிருந்து ஒரு மக்ரூனை அவள் முன்னால் வைத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரும்ப எடுத்தாள். நாலும் வெள்ளை. இரண்டாவது மக்ரூன். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. பையின் வாயை விரித்து உள்ளே பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

“கறுப்பெல்லாம் எங்க மதினி?”

“அது எங்க அப்பா வீட்டுச் சொத்து. ஒன் பேர்ல தப்பாக் கெடந்துது. நான் எடுத்துக்கிட்டேன்.”

வெளியே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மக்ரூனை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். பெட்டியில் மிச்சமிருந்தது நாலோ ஐந்தோ.

எனக்கு ஒன்று எடுக்கலாமென்று கையை நீட்டினேன்.

“இருதயக் கோளாறுக்காரிக்குச் சீனி ஆகாது” என்று பெட்டியை மூடிவிட்டாள்.